பாப்பியாஸின் திராட்சைக் கொடி

கி.பி. 180ஆம் ஆண்டையொட்டி, இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஆயராக இருந்த இரனேயு, தம் காலத்தில் பரவியிருந்த தவறான போதனைகளை மறுத்து ஐந்து பகுதிகள் கொண்ட பெரிய நூலொன்றை எழுதினார். அதன் ஐந்தாம் பகுதி முடிவை நெருங்கும் இடத்தில், கர்த்தருடைய சீடனான யோவானை நேரில் கண்டிருந்த மூப்பர்கள் நினைவில் வைத்திருந்ததாகச் சொல்லி, இயேசுவின் வாக்கு ஒன்றை எடுத்துரைக்கிறார். நாட்கள் வரும், அப்போது முளைக்கும் திராட்சைக் கொடி ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் கிளை, கிளை ஒவ்வொன்றிலும் பதினாயிரம் கொப்பு, கொப்பு ஒவ்வொன்றிலும் பதினாயிரம் தளிர், தளிர் ஒவ்வொன்றிலும் பதினாயிரம் குலை, குலை ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பழம் இருக்கும், ஒரே ஒரு பழத்தைப் பிழிந்தால் இருபத்தைந்து பெருஞ்சாடி ரசம் வடியும். இன்றைய அளவில் அது ஏறக்குறைய 1,000 லிட்டர். பரிசுத்தவான் ஒருவர் ஒரு குலையைப் பறிக்கக் கை நீட்டும்போது, பக்கத்துக் குலை "நான் இதைவிட நல்ல குலை, என்னை எடுத்துக்கொள், என்னைக்கொண்டு கர்த்தரைத் துதி" என்று கூவுமாம். கோதுமைக்கும் இதே கணக்குத்தான். யூதாஸ் இதை நம்பாமல், இத்தனை விளைச்சல் எப்படி உண்டாகும் என்று கேட்டதாகவும், அந்தக் காலத்தை அடைகிறவர்கள் காண்பார்கள் என்று ஆண்டவர் விடை சொன்னதாகவும் அந்தப் பகுதி முடிகிறது.

இந்த வாக்கை எழுத்தில் பதித்து வைத்தவர் பாப்பியாஸ். கொலோசெயர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் நம் வேதாகமம் எராப்போலி என்று குறிப்பிடும் ஊரின் ஆயர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். துருக்கியின் பாமுக்கலேயில் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிகளைக் காணச் செல்கிறவர்கள் அவருடைய ஊரின் இடிபாடுகளுக்கு நடுவில்தான் நடக்கிறார்கள். ஆண்டவரின் வாக்குகளுக்கு அவர் எழுதிய ஐந்து பகுதி விளக்கநூல் தொலைந்துவிட்டது. பிறர் எடுத்தாண்ட சில துணுக்குகளே மிஞ்சியிருக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்தியை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. நித்திய ஜீவன் என்றால் ஆவிக்குரியது, கண் காணாதது, பசி தாகம் என்ற பேச்சுக்கே இடமில்லாதது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், பழம் எத்தனை, ரசம் எத்தனை சாடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை எங்கே வைத்துப் புரிந்துகொள்வது என்று தெரியாமல், அந்தப் பக்கத்தைக் கடந்துபோனேன். நான்காம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியரான யூசேபியுவுக்கும் இதே சங்கடம் இருந்திருக்கிறது. உயிர்த்தெழுதலுக்குப் பின் கிறிஸ்துவின் அரசு இந்தப் பூமியில் ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று பாப்பியாஸ் எழுதியதைக் குறிப்பிட்டு, அப்போஸ்தலர் உருவகமாகச் சொன்னதை அவர் உணரவில்லை, அவர் மிகச் சிறிய அறிவுடையவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பு என்னுடைய கூச்சத்துக்கு ஆதரவாக இருந்ததால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது வேறொரு புத்தகம். எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் ரோமப் படையால் எரிக்கப்பட்ட பிறகு, அந்தத் துயரத்துக்குள்ளிருந்து ஒரு யூதர் எழுதியது. எரேமியாவின் எழுத்தரான பாரூக்கின் பெயரைத் தாங்கியது. பாபிலோனியர் முதல் தேவாலயத்தை அழித்த காலத்தில் கதை நடக்கிறது. ஆனால் அழுகை முழுவதும் இரண்டாம் தேவாலயத்துக்கானது. அதன் 29ஆம் அதிகாரத்தில், மேசியா வெளிப்படத் தொடங்கும் காலத்தைப் பற்றிப் பாரூக்குக்குச் சொல்லப்படுகிறது. ஒரு திராட்சைக் கொடியில் ஆயிரம் கிளை இருக்கும், ஒரு கிளையில் ஆயிரம் குலை, ஒரு குலையில் ஆயிரம் பழம், ஒரு பழம் ஒரு கோர் அளவு ரசம் தரும். படித்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு இரனேயுவைத் தேடி எடுத்தேன். அதே கொடி. பாப்பியாஸிடம் ஆயிரம் பதினாயிரமாகப் பெருகியிருக்கிறது, குலைகளுக்கு வாய் முளைத்திருக்கிறது. மற்றபடி வேரும் தண்டும் ஒன்றே. இன்னும் பின்னே போனால், கிறிஸ்துவுக்கு முன்னரே எழுதப்பட்ட ஏனோக்கின் நூலில், பத்தாம் அதிகாரத்தில், அதே தோட்டம் இருக்கிறது: தீமை அகற்றப்பட்ட பூமியில் விதைக்கும் ஒரு படி ஆயிரம் படி தரும், ஒரு படி ஒலிவக்காய் பத்துச் செக்கு எண்ணெய் தரும்.

ஆகவே பாப்பியாஸ் தம் சிற்றறிவால் எதையும் இட்டுக்கட்டவில்லை. தமக்கு முன் பல தலைமுறை யூதர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த நம்பிக்கையைப் பெற்று, அதை இயேசுவின் வாக்காகவே கேட்ட சபைகளின் நடுவில் நின்றிருக்கிறார். பாரூக்கின் நூலிலிருந்து நேரடியாக எடுத்தாரா, இருவரும் பொதுவான ஒரு வாய்மொழி மரபிலிருந்து எடுத்தார்களா என்ற கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. என்னை நிறுத்தியது, பாரூக்கின் அதே அதிகாரத்தில் திராட்சைக் கணக்குக்கு அடுத்து வரும் ஒரு சிறிய வாக்கியம். பசித்திருந்தவர்கள் மகிழ்வார்கள் என்கிறது அது.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு என்னால் அந்தக் கணக்கைப் பார்த்துக் கூச்சப்பட முடியவில்லை. ஐந்து மாத முற்றுகையில் எருசலேமில் மக்கள் பட்டினியால் மடிந்ததை, அந்தக் காலத்தை நேரில் பார்த்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தலைமுறையில் ஒருவர், ஒரு பழத்தில் எவ்வளவு ரசம் இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது பேராசையால் அன்று. நம் வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்திலேயே, மூன்றாம் முத்திரை உடைக்கப்படும்போது கறுப்புக் குதிரைமேல் தராசு பிடித்த ஒருவன் வருகிறான். "ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை" என்ற குரல் கேட்கிறது. ஒரு பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்று திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையிலிருந்து நமக்குத் தெரியும். நாள் முழுவதும் உழைத்துப் பெறும் கூலி ஒருபடி தானியத்துக்கே சரியாகப் போகும் உலகத்தில் வாழ்ந்தவர்களின் கண்ணோடு பார்த்தால், பாப்பியாஸின் கொடி அந்தத் தராசுக்கான பதில்.

பாரூக்கோடு பிறந்த உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க இன்னொரு நூல் உண்டு. எஸ்றாவின் நான்காம் நூல் என்று அதை அழைப்பார்கள். நகரம் அழிந்த முப்பதாம் ஆண்டில் பாபிலோனில் நான் படுக்கையில் கலங்கிக் கிடந்தேன் என்று எஸ்றாவின் குரலில் அது தொடங்குகிறது. யூத இறுதிக்கால எழுத்துகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். ஏனெனில் இதில் வரும் எஸ்றா எளிதில் ஆறுதல் அடைவதில்லை. பாபிலோன் எங்களைவிட நல்லதா, அது ஏன் செழிக்கிறது என்று கடவுளைக் கேட்கிறார். ஊரியேல் தூதன் சொல்லும் பதில் ஒவ்வொன்றுக்கும் மறுகேள்வி வைத்திருக்கிறார். கேள்விகள் மூன்று காட்சிகள்வரை நீள்கின்றன. நான்காம் காட்சியில்தான் திருப்பம் வருகிறது. பூக்களை மட்டும் தின்று வயல்வெளியில் ஏழு நாள் இருந்த எஸ்றா, ஆடை கிழிந்து, தலையில் சாம்பலோடு அழும் ஒரு பெண்ணைக் காண்கிறார். முப்பது ஆண்டு மலடியாக இருந்து பெற்ற ஒரே மகன், மணவறைக்குள் நுழைந்தபோது விழுந்து இறந்துபோனான். இனி உண்ணாமல் குடிக்காமல் இங்கேயே சாவேன் என்கிறாள் அவள். எஸ்றாவுக்குக் கோபம் வருகிறது. நீ ஒரு மகனுக்காக அழுகிறாய், நம் எல்லாருக்கும் தாயாகிய சீயோன் எத்தனை பேருக்காக அழுகிறாள் என்று கடிந்து பேசத் தொடங்கியவர், பேசப் பேச அவளுக்கு ஆறுதல் சொல்கிறவராக மாறிவிடுகிறார். அப்போது அவள் முகம் மின்னலாக ஒளிர்கிறது. அவள் அலறிய அலறலில் நிலம் அதிர்கிறது. மறுகணம் பெண் இல்லை, அவள் இருந்த இடத்தில் பெரும் அடித்தளங்களோடு ஒரு நகரம் எழுந்து நிற்கிறது.

இதை வாசித்துவிட்டு வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்துக்குப் போனால், மணவாட்டியைப் போல அலங்கரிக்கப்பட்டு வானத்திலிருந்து இறங்கும் புதிய எருசலேமை நம்மால் பழையபடி வாசிக்க முடியாது. இரண்டு நூல்களும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தவை. இரண்டுக்கும் ரோம் பாபிலோன்தான். இரண்டிலும் நகரம் ஒரு பெண். இரண்டிலும் இறந்த நீதிமான்கள் எதுவரைக்கும் என்று கேட்கிறார்கள்: எஸ்றாவின் நூலில் ஆத்துமாக்களின் அறைகளிலிருந்து, யோவானின் நூலில் பலிபீடத்தின் கீழிருந்து. அவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றே. உங்களைப் போன்றவர்களின் தொகை நிறைவாகும்வரை என்று எரேமியேல் தூதன் எஸ்றாவின் நூலில் சொல்கிறான். உடன்வேலைக்காரரின் தொகை நிறைவாகுமளவும் இளைப்பாறுங்கள் என்று யோவானின் நூலில் சொல்லப்படுகிறது. ஒருவரையொருவர் பார்த்து எழுதியவர்கள் அல்லர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், அதனால் ஒரே விதமாகப் பேசுகிறார்கள்.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதையும் இதே இரண்டு நூல்கள் காட்டிவிடுகின்றன. எஸ்றா கடலிலிருந்து எழும்பும் மூன்று தலைக் கழுகைக் காண்கிறார். தானியேல் கண்ட நான்காம் அரசு இதுவே, ஆனால் உனக்கு விளக்குவதைப் போல் அவனுக்கு விளக்கப்படவில்லை என்று தூதன் சொல்கிறான். காட்டிலிருந்து கர்ஜித்து வரும் சிங்கம் அந்தக் கழுகைக் குற்றஞ்சாட்டி அழிக்கிறது. சிங்கம் தாவீதின் வழியில் வரும் மேசியா. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் யோவானுக்கும் யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டது என்றுதான் அறிவிக்கப்படுகிறது. அவர் பார்க்கிறார். அங்கே நிற்பது அடிக்கப்பட்ட வண்ணமான ஆட்டுக்குட்டி. காதில் விழுந்தது பழைய நம்பிக்கை, கண்ணில் பட்டது சிலுவை. பழைய சொல்லை யோவான் நீக்கவில்லை. சிங்கத்தின் பெயரை அழிக்காமல் அதே இடத்தில் ஆட்டுக்குட்டியை நிறுத்துகிறார். கிறிஸ்தவ நம்பிக்கை யூத நம்பிக்கையோடு கொண்ட உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பக்கத்தை நான் வாசித்ததில்லை.

யூதர்களின் இறுதிக்கால நம்பிக்கை என்று ஒருமையில் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. சதுசேயர் உயிர்த்தெழுதலையே ஏற்கவில்லை. சவக்கடல் ஓரத்தில் வாழ்ந்த கும்ரான் என்ற யூதச் சமூகத்தின் ஒழுங்குநூல் ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று இருவரை எதிர்பார்க்கிறது. எஸ்றாவின் நூலில், லத்தீன் படிகளின்படி, மேசியா 400 ஆண்டு ஆள்கிறார். பிறகு அவரும் மூச்சுள்ள எல்லாரும் இறக்கிறார்கள். உலகம் படைப்புக்கு முன்னிருந்ததுபோல ஏழு நாள் மௌனத்தில் ஆழ்கிறது. மேசியாவின் நாட்கள் 40 ஆண்டா, 70 ஆண்டா, 400 ஆண்டா என்று ரபிகள் வாதித்ததை, யூத ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் சன்ஹெட்ரின் பகுதியில் காணலாம். யோவான் சொன்ன ஆயிரம் ஆண்டு, இந்த நீண்ட உரையாடலில் ஒலித்த ஓர் எண். நம் மேடைகளில் ஆயிர வருட அரசாட்சி பற்றி வரைபடம் போட்டு விளக்குகிறவர்கள், அந்த எண்ணைச் சூழ்ந்திருந்த பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் நிதானமாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நம்பிக்கை கடைசி நூலில் மட்டும் திடீரென்று வந்ததும் அன்று. லூக்கா சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை எடுத்துக்கொள்ளலாம். சிமியோன் "இஸ்ரவேலின் ஆறுதல்" வரக் காத்திருக்கிறார். அன்னாள், எருசலேமிலே மீட்பு உண்டாகக் காத்திருந்த எல்லாருக்கும் குழந்தையைக் குறித்துப் பேசுகிறாள். சகரியா, நம் சத்துருக்களின் கையிலிருந்து விடுதலை என்று பாடுகிறார். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்டுப் பழகிய இந்தச் சொற்களை, பாவத்திலிருந்து கிடைக்கும் விடுதலை என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே நானும் கேட்டு வந்தேன். ரோமுக்கு எதிரான முதல் கிளர்ச்சியின் நான்காம் ஆண்டில், அதாவது தேவாலயம் எரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், எருசலேமில் அடிக்கப்பட்ட வெண்கல நாணயங்களில் "சீயோனின் மீட்புக்காக" என்று எபிரேய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 132இல் பார் கோக்பா தலைமையில் மறுபடி கிளர்ச்சி எழுந்தபோது வந்த நாணயங்களில் "இஸ்ரவேலின் மீட்பின் முதலாம் ஆண்டு" என்று இருக்கிறது. அன்னாள் பேசிய சொல்லும் நாணயத்தில் உள்ள சொல்லும் ஒன்று. எம்மாவு ஊருக்குப் போன வழியில் இரண்டு சீடர்கள் முகவாட்டத்தோடு சொன்னதும் அதே சொல்தான்: அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்.

அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் உள்ள கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிர்த்தெழுந்தவர் நாற்பது நாள் தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பேசிய பிறகு, சீடர்கள் கேட்கிறார்கள்: "ஆண்டவரே, இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்?" நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை, சீடர்களுக்கு இன்னும் புத்தி தெளியவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டின. ஆனால் வசனத்தில் வரும் பதிலை மெதுவாக வாசித்தால், அவர் காலத்தையும் வேளையையும் அறிவது உங்களுக்குரியது அல்ல என்று மட்டுமே சொல்கிறார். அப்படி ஒரு ராஜ்யம் இல்லை என்றோ, இஸ்ரவேலுக்கு இனி ஒன்றும் இல்லை என்றோ சொல்லவில்லை. நாற்பது நாள் கற்றவர்கள் தவறாகக் கேட்டார்கள் என்று முடிவு செய்வதற்கு, நமக்கு நம்முடைய பிற்காலப் படிப்பினை தேவைப்படுகிறது.

சவக்கடலின் கரையிலிருந்த குகைகளில் கிடைத்த ஒரு துண்டு ஏடு இந்த உறவை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. நான்காம் குகையின் 521ஆம் ஏடு என்று எண்ணிடப்பட்ட அதை எமில் புயேக் 1992இல் வெளியிட்டார். வானமும் பூமியும் அவருடைய மேசியாவுக்குச் செவிகொடுக்கும் என்று தொடங்கும் பகுதியில், ஆண்டவர் காயப்பட்டவர்களைக் குணமாக்குவார், மரித்தோரை உயிர்ப்பிப்பார், எளியோருக்கு நற்செய்தி அறிவிப்பார் என்று வருகிறது. சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன் ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்டபோது இயேசு அடுக்கிச் சொன்ன அடையாளங்களின் முடிவும் இதே வரிசையில்தான் இருக்கிறது: மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது. ஏசாயாவின் 61ஆம் அதிகாரத்தில் எளியோருக்கு நற்செய்தி உண்டு, மரித்தோர் எழுவது இல்லை. அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இயேசுவின் காலத்துக்கு முன்பே யூதர்களிடையே இருந்திருக்கிறது. கேள்வி கேட்டனுப்பியவர் அந்தப் பதிலைப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்பதால்தான் அது பதிலாக அமைந்தது.

ஜெபங்களைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லாமல் போக மனமில்லை. கிரேக்கம் பேசிய கொரிந்து சபைக்கு, 55ஆம் ஆண்டையொட்டி எழுதிய கடிதத்தை முடிக்கும்போது பவுல் மாரநாதா என்ற அரமேயச் சொல்லை மொழிபெயர்க்காமலே எழுதுகிறார். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் "கர்த்தர் வருகிறார்" என்று ஆக்கிவிட்டது. எங்கள் கர்த்தரே வாரும் என்று மன்றாட்டாகவும் அதைப் பிரித்து வாசிக்கலாம். ஆமென் என்ற சொல்லைப் போல, அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டிய சொல்லாக அது கிரேக்கரின் வாயில் இருந்திருக்கிறது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற தொடக்ககாலக் கையேடு, பந்தி முடிந்து சொல்லும் ஜெபத்தில் அதே சொல்லை வைத்திருக்கிறது. மலைகளின்மேல் சிதறிக் கிடந்த தானியம் ஒன்றுசேர்ந்து இந்த அப்பமானதுபோல, உம்முடைய சபை பூமியின் எல்லைகளிலிருந்து உம் ராஜ்யத்தில் சேர்க்கப்படுவதாக என்றும் அது வேண்டுகிறது. சிதறிய இஸ்ரவேலைப் பூமியின் நான்கு திசைகளிலிருந்தும் கூட்டிச் சேர்க்க எக்காளம் ஊதும்படி யூதர்கள் நாள்தோறும் நின்று சொல்லும் ஜெபத்தின் பத்தாம் ஆசீர்வாதம் இதற்கு அண்ணன்.

இவ்வளவு நெருக்கமாக இருந்த ஒன்று நமக்கு எப்படி அந்நியமாயிற்று?

மூன்றாம் நூற்றாண்டில் வேத விளக்க அறிஞரான ஓரிகன், உயிர்த்தெழுந்தபின் உண்பதும் குடிப்பதும் எருசலேம் இரத்தினக் கற்களால் கட்டப்படுவதும் உண்டு என்று எதிர்பார்ப்பவர்கள் வேதத்தை யூதர்களைப் போல வாசிக்கிறார்கள் என்று எழுதினார். அதுவே போதுமான கண்டனமாக அவருக்குத் தோன்றியது. எகிப்தின் அர்சினோயே பகுதியில் இந்த நம்பிக்கையைப் போதித்த நேபோஸ் என்ற ஆயரின் நூலை மறுக்க, அலெக்சாந்திரியாவின் தியோனீசியு அங்கே போய் மூப்பர்களோடு காலை முதல் மாலைவரை மூன்று நாள் உட்கார்ந்து பேசினார். அந்த வாதத்தைப் பற்றி அவர் எழுதியதை நான் மதிப்போடுதான் வாசிக்கிறேன். இறந்துபோன நேபோஸை நேசிப்பதாகவும், அவர் இயற்றிய சங்கீதங்களால் பலர் இன்றும் மகிழ்வதாகவும் சொல்லிவிட்டே மறுக்கிறார். மற்றவர்களிடம் அந்தப் பரிவு இல்லை. வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு இந்த நம்பிக்கை யூதக் கட்டுக்கதை. அகஸ்தீன் தாமும் ஒருகாலத்தில் ஆயிரம் ஆண்டை அப்படி நம்பியதை ஒப்புக்கொண்டு, பிறகு அந்த ஆண்டுகளைச் சபையின் காலமாக விளக்கினார். மேற்குத் திருச்சபையில் அந்த விளக்கமே நிலைத்தது.

விளக்கம் மாறுவதை ஏற்றுக்கொள்ளலாம். ஏடுகள் மாறியதைத்தான் என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. இன்றைய சுலோவேனியாவில் உள்ள பெத்தோவியோ நகரின் ஆயரும், 304ஆம் ஆண்டையொட்டி இரத்தசாட்சியாக மரித்தவருமான விக்தோரினு, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு லத்தீனில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழைய விளக்கவுரையை எழுதினார். அவருக்கு ஆயிர ஆண்டு அரசில் நம்பிக்கை இருந்தது. ஜெரோம் அந்த உரையைத் திருத்தி, அதன் முடிவை வெட்டிவிட்டு, வேறு முடிவை எழுதிச் சேர்த்தார். பல நூற்றாண்டுகள் உலவியது அந்தத் திருத்திய உரைதான். வத்திக்கானில் இருந்த ஒரு படியின் உதவியால் விக்தோரினு எழுதியபடியான முடிவு 1916இல்தான் அச்சேறியது. இரனேயுவின் நூலுக்கும் இதே கதி நேர்ந்தது. திராட்சைக் கொடி வரும் கடைசி ஐந்து அதிகாரங்கள் பல லத்தீன் படிகளில் இல்லை. எராஸ்மு 1526இல் முதன்முதலாக அச்சிட்டபோதும் அவை இடம்பெறவில்லை. 1575இல் பிரான்சுவா ஃபியூவார்தான் பதிப்பில் வெளிவந்தன. 1904இல் அர்மேனிய மொழிபெயர்ப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டு, அதிலும் அந்த அதிகாரங்கள் இருந்தபோது, அவை இரனேயுவின் கையிலிருந்தே வந்தவை என்பது மேலும் உறுதிப்பட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். வெட்டிய அதே திருச்சபைதான் காப்பாற்றியும் வைத்தது. யூதர்களின் மரபில் எஸ்றாவின் இந்த நூலும் பாரூக்கின் நூலும் தொடரவில்லை. எபிரேய மூலம் தொலைந்துபோனது. பாரூக்கின் சிரிய மொழி நூல் முழுமையாக இருப்பது, மிலானின் அம்புரோசிய நூலகத்தில் உள்ள ஆறாம் அல்லது ஏழாம் நூற்றாண்டு வேதாகமப் படி ஒன்றில். அந்தோனியோ செரியானி 1871இல் அதை அச்சிட்டார். ஏனோக்கின் நூல் எத்தியோப்பியத் திருச்சபையின் வேதாகமத்திலேயே இருக்கிறது. யூதாவின் நிருபம், "ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு" என்று பெயர் சொல்லி எடுத்தாள்வதும் அந்த நூலைத்தான். எஸ்றாவின் நூலுக்கு லத்தீன் கிறிஸ்தவர்கள் முன்னும் பின்னும் அதிகாரங்களைச் சேர்த்தார்கள். மேசியா என்று இருந்த ஓரிடத்தில் இயேசுவின் பெயரை எழுதினார்கள். ஒரு கத்தோலிக்க நண்பர் வீட்டு அடக்கத்தில், "நித்திய இளைப்பாற்றி" என்று தொடங்கி முடிவில்லாத ஒளியை வேண்டும் மன்றாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, அந்தச் சொற்கள் எஸ்றாவின் நூலுக்கு முன்னால் ஒட்டப்பட்ட அந்த அதிகாரங்களில் ஒன்றிலிருந்து வந்தவை என்பது நினைவுக்கு வந்தது. அழுத பெண் நகரமாக மாறிய கதைக்குப் பக்கத்தில் இருந்த சொற்கள் அங்கே, தமிழில், ஒரு தாயின் சவப்பெட்டியின் மேல் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தன.

நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஒரு காட்சியோடு நிறுத்துகிறேன். சமாரியாவின் நெயாப்போலி நகரில், இன்றைய நாப்லூசில், பிறந்த இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், திரிபோ என்ற யூதரோடு இரண்டு நாள் உரையாடியதாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். பார் கோக்பா போரிலிருந்து தப்பி வந்தவர் திரிபோ. அந்தப் போருக்குப் பின் எருசலேம் ஏலியா கப்பித்தோலினா என்ற ரோம நகரமாக்கப்பட்டது. யூதர் அதற்குள் கால் வைக்கத் தடை இருந்தது. 80ஆம் அதிகாரத்தில் திரிபோ கேட்கிறார்: இந்த எருசலேம் மறுபடி கட்டப்படும் என்று நீங்கள் உண்மையிலேயே ஒப்புக்கொள்கிறீர்களா, உங்கள் மக்கள் முற்பிதாக்களோடும் தீர்க்கதரிசிகளோடும் அங்கே கூடி மகிழ்வார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா, இல்லை, வாதத்தில் வெல்வதற்காக அப்படிச் சொல்கிறீர்களா? ஜஸ்டின், மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லும் அளவுக்கு நான் இழிந்தவன் அல்லன் என்கிறார். தேவபக்தியுள்ள கிறிஸ்தவர்களிலேயே பலர் வேறு விதமாக எண்ணுகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, தானும் நேரிய எண்ணமுடைய மற்றவர்களும், எசேக்கியேலும் ஏசாயாவும் சொன்னபடி, கட்டப்பட்டு அலங்கரிக்கப்பட்டு விரிவாக்கப்பட்ட எருசலேமில் ஆயிரம் ஆண்டு உண்டு என்று நம்புவதாக விடை தருகிறார்.

இந்த ஜஸ்டின்தான் அதே நூலில், நீங்கள் உங்கள் நகருக்குள் போக முடியாமல் இருப்பது நியாயமே என்று திரிபோவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். திரிபோவின் வாக்குறுதிகளை எல்லாம் எடுத்துத் தம் மக்களின் பெயருக்கு எழுதிக்கொள்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பின்னாளில் யூதர்களுக்கு நேர்ந்தவற்றை அறிந்தவர்களால் அவற்றைச் சும்மா கடந்துபோக முடியாது. ஆனாலும் 80ஆம் அதிகாரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும், இடிந்து கிடக்கும் ஒரே நகரத்தை, கல்லும் வாசலும் உள்ள நகரத்தை, கடவுள் கட்டுவார் என்று நம்பியவர்கள்.

இரண்டாம் நாள் முடிகிறது. ஜஸ்டின் கப்பலேறக் காத்திருக்கிறார். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது என்றும், இன்னும் அடிக்கடி இப்படிப் பேச முடிந்தால் நன்றாயிருக்கும் என்றும் திரிபோ சொல்கிறார். எந்த நாளிலும் புறப்பட்டுவிடுவீர்கள். போன பிறகு எங்களை நண்பர்களாக நினைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறார்.